பவுடர் போடாத டம்ளர்

நூற்று நாற்பத்தெட்டாவது படத்தில் குக்கர் வெயிட் டம்ளரைத் தாண்டிப் போய்விட்டது. நூற்றைம்பத்தாறாவது படத்தில் அதே வெயிட் டம்ளருக்கு முன்னால் வந்து நிற்கிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டு. நூற்று நாற்பத்தொன்பதிலிருந்து நூற்றைம்பத்தாறு வரை எட்டுப் படங்கள். பெரிதிலிருந்து சிறிதைக் கழித்துவிட்டு ஏழு என்பார்கள் அவசரக்காரர்கள். இரண்டு ஓரத்தையும் சேர்த்து எண்ண வேண்டும், எட்டு. இந்த எட்டையும் நான் எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்று சொல்வதா, எடுத்த நினைவில்லை என்று சொல்வதா? இரண்டும் ஒன்றல்ல. முப்பத்தோரு வருடம் ஓர் அச்சகத்தில் உட்கார்ந்து பள்ளிப் புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்தியவனுக்கு அவை ஒன்றல்ல என்று தெரியாதா? தெரியும். இரண்டாவதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. நோட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி எழுதுவது என் வழக்கம். ‘147: வெயிட், மூன்று மில்லிமீட்டர், வலப்பக்கம்.’ ‘148: வெயிட், மூன்று மில்லிமீட்டர், வலப்பக்கம், துணி கிளிப் வாய் திறக்கிறது.’ அதற்குக் கீழே வெள்ளைத்தாள். நான் எடுத்திருந்தால் எழுதியிருப்பேன், எழுதவில்லை, ஆகவே எடுக்கவில்லை. வாதம் சுத்தமாக இருக்கிறது. இவ்வளவு சுத்தமாக இருக்கும் வாதங்களை நம்பக்கூடாது என்று அச்சகத்தில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான்.

மணி மூன்றாக ஐந்து நிமிடம். ஜன்னலில் போர்வையைக் கட்டியிருக்கிறேன். வெயில் நகர்ந்தால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும், ஓட்டிப் பார்க்கும்போது மின்னல் அடிப்பதுபோல் இருக்கும். ஃபேனும் போட முடியாது, சாமான்களை நிறுத்திவைக்கக் கட்டிய நூல் ஆடும். ஒரே ஒரு டியூப்லைட். முதுகில் வேர்வை ஓர் எறும்பைப்போல இறங்கிக்கொண்டிருக்கிறது, நடுவில் நின்று யோசிக்கிறது, மறுபடி இறங்குகிறது. சாப்பாட்டு மேஜைதான் மைதானம். புனேயில் இருக்கும் என் மகள் நிரஞ்சனா, போன தீபாவளிக்கு வந்தபோது தன் பழைய செல்போனை ஒரு ஸ்டாண்டில் மாட்டிக் கொடுத்து, “அப்பா, வீட்டுல இருக்கற சாமானை வெச்சே படம் எடுக்கலாம், உங்களுக்குப் பொறுமை இருக்கு, செய்யுங்க” என்றாள். ஒரு பொருளை இம்மி நகர்த்து, கையை எடு, ஒரு படம் பிடி. மறுபடி இம்மி நகர்த்து. பன்னிரண்டு படம் சேர்ந்தால் ஒரு விநாடி. வரிசையாக ஓட்டினால் உயிரில்லாதது நடக்கும். என் கதாநாயகன் பழைய குக்கரின் வெயிட். தன் குக்கரைத் தேடிப் போகிறது. வழியில் துணி கிளிப் ஒன்று நாய்மாதிரி குரைக்கிறது. புளியங்கொட்டைகள் கும்பலாகக் குறுக்கே ஓடுகின்றன. மூடியில்லாத பேனா ஒன்று வழி சொல்கிறது, தப்பாக. ஐந்து மாதத்தில் பன்னிரண்டே கால் விநாடி சேர்த்திருக்கிறேன். சரியாகச் சொன்னால், சேர்த்திருந்தேன். இப்போது பதின்மூன்று விநாடி இருக்கிறது. மீதி முக்கால் விநாடியில், நான் எடுத்ததாக நோட்டு ஒப்புக்கொள்ளாத எட்டுப் படங்கள், அதாவது மூன்றில் இரண்டு பங்கு விநாடி, உட்கார்ந்திருக்கின்றன. இந்தக் கணக்கு துல்லியமாக வராது என்று தெரிந்தும் போடுகிறேன், கணக்குப் போடும் வரைக்கும் வேறெதையும் யோசிக்க வேண்டாம் என்பதால்.

மேஜை லேசாக நடுங்குகிறது. அயனாவரத்தில் எங்கள் தெருவுக்கு அடியில் சுரங்க ரயிலுக்குத் துளை போடுகிறார்கள். பகலில் ஒரு முனகல் தரையிலிருந்து நாற்காலிக் கால் வழியாக ஏறித் தொடை எலும்புக்கு வரும். புளியங்கொட்டைகள் தாமாக இடம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே முதல் சந்தேகம் சுரங்கத்தின் மேல். சுரங்கம் வெயிட்டை நகர்த்தலாம், படம் பிடிக்குமா? இயர்போன் வயரில் ஒரு சின்னக் குச்சிபோல இருக்கிறதே, அதில் மேலே இருக்கும் பொத்தானை அமுக்கினால்தான் படம் விழும். எட்டு முறை அமுக்க வேண்டும். இரண்டாவது சந்தேகம் பல்லி. பல்லியைப் பற்றிச் சந்தேகப்பட ஒரு நிமிடம் ஒதுக்கினேன், நேர்மையாக. மூன்றாவது என் மனைவி வேதவல்லி. நேற்று ஞாயிறு, அவளுக்குப் பள்ளி இல்லை, நான் மதியம் தூங்கினேன். தூங்கினேன் அல்லவா? தூங்கியிருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மதியம் தூங்காமல் நான் இருந்ததில்லை. அவளுக்கு இந்த மேஜையைக் கண்டாலே சிரிப்பு. “நடிகரை நீங்க கூட்டிட்டுப் போயிட்டா சோத்துக்கு யாரு விசில் அடிப்பா?” என்று கேட்டவள். பிறகு குக்கரையே மாற்றிவிட்டாள். காஸ் அடுப்பையும் மாற்றிவிட்டாள், இப்போது மின்சார அடுப்பு, வேலை முடிந்ததும் தானே அணைந்துவிடும், சிலிண்டர் தூக்க முடியவில்லை என்றாள். சிலிண்டரை அவள் எப்போது தூக்கினாள்? போடுகிறவன்தான் உருட்டிக்கொண்டு வருவான். அதை ஏன் இப்போது நினைக்கிறேன். அவளாக இருக்கலாம். அவளாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஓட்டிப் பார்த்தேன். நான்கு முறை. நேராகப் போய்க்கொண்டிருக்கும் வெயிட் சட்டென்று நிற்கிறது. நின்றதும் ஒரு படம் அசையவே இல்லை, அந்த அசையாமைதான் திறமை. பிறகு கொஞ்சமாய், பிறகு இன்னும் கொஞ்சமாய்த் திரும்புகிறது. எதையோ விட்டுவிட்டு வந்தவன் தெருமுனையில் நின்று சட்டைப்பையைத் தட்டிப் பார்ப்பானே, அதுபோல. டம்ளருக்கு முன் வந்து தலையைச் சற்றே சாய்க்கிறது. நன்றாக இருக்கிறது. என் நூற்று நாற்பத்தெட்டைவிட நன்றாக இருக்கிறது. பொறாமையாகக்கூட இருந்தது. புதிதாகத் தொட்டவள் ஒரே நாளில் செய்யக்கூடியதல்ல. ஐந்து மாதம் முதுகு வளைத்தவனுக்குத்தான் அந்த ஒரு படம் சும்மா விடுவது கைவரும். இந்த வாக்கியத்தை இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.

அப்புறம் பவுடர். எவர்சில்வர் டம்ளர் கண்ணாடிமாதிரி. அதை மேஜையில் வைத்தால் எடுக்கிறவனின் உருவமும் படத்தில் விழுந்துவிடும், நீளமாய், வளைந்து, கேலிச் சித்திரம்போல. அதனால் முகப்பவுடரை விரலில் தொட்டு டம்ளர் முழுக்கப் பூசிவிடுவேன், மங்கிவிடும். “டம்ளருக்குப் பவுடர் போடுறீங்க, நான் கல்யாணத்துக்குக் கெளம்பறப்போ டப்பா காலி” என்று வேதா கத்துவாள். ஒன்றிலிருந்து நூற்று நாற்பத்தெட்டு வரை டம்ளர் வெளுப்பாக இருக்கிறது. அந்த எட்டில் பளபளக்கிறது. இதோ இப்போதும் மேஜையில் பளபளத்துக்கொண்டு நிற்கிறது. யாரோ துடைத்திருக்கிறார்கள், அல்லது தண்ணீர் குடித்துவிட்டுக் கழுவி அதே இடத்தில் வைத்திருக்கிறார்கள். இதைக் கண்டதும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல வேண்டும். நான் பவுடரை மறக்க மாட்டேன். எதை மறந்தாலும் அதை மறக்க மாட்டேன். ஆகவே அது நான் இல்லை. நிம்மதி எவ்வளவு நேரம் இருந்தது என்றால், டம்ளர் பளபளக்கிறது என்றால் எடுத்தவர் அதில் தெரிவார் என்று தோன்றும் வரைக்கும். தெரிகிறார். டம்ளரின் வயிற்றில் ஓர் ஆள் நிற்கிறார். விரல்நகம் அளவு. நீலமாக ஏதோ உடுத்தியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் வேதா போடும் நைட்டி நீலம், பூப்போட்டது. என் லுங்கியும் நீலம், கட்டம் போட்டது. இரண்டு விரலைத் திரையில் வைத்து அகற்றினால் பெரிதாகும். கட்டமா பூவா என்று தெரிந்துவிடும். இரண்டு விரல்தான். விரலை வேஷ்டியில் துடைத்துக்கொண்டேன், வேர்வை, திரை வழுக்கும். மறுபடி துடைத்தேன்.

காஞ்சிபுரத்தில் என் அண்ணன் வேங்கடாசலம் வீட்டுக்குக் கடைசியாகப் போனபோது அவர் என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய், குரலைத் தாழ்த்தி, “தணிகா, அந்த ஆளு ரொம்ப நேரமா நிக்கறாரு, ஒக்காரச் சொல்லுப்பா, நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு” என்றார். அலமாரிக் கண்ணாடி. கண்ணாடியில் அவரும் நானும் நின்றோம். “யாருண்ணா?” என்று கேட்டேன், முட்டாள்தனமாக. “தெரிலியே. பாவம், நல்ல மனுஷராத்தான் தெரியறாரு” என்றார். அண்ணி அலமாரியின் மேல் ஒரு பழைய புடவையைத் தொங்கவிட்டாள். அதற்குப் பிறகு அவர் அந்தப் புடவையிடம், “போயிட்டாரா?” என்று கேட்பார். அப்போது அவருக்கு அறுபத்திரண்டு. எனக்கு வரும் ஆவணியில் அறுபது முடிகிறது. ஆரம்பம் எப்படி என்று அண்ணியிடம் ஒருமுறை கேட்டேன், மருத்துவர்கள் சொல்வதை அல்ல, வீட்டில் எப்படித் தெரிந்தது என்று. “தெரியலையே தம்பி. எல்லாம் சரியாத்தான் செஞ்சிக்கிட்டிருந்தாரு. செஞ்சதுதான் அவருக்குத் தெரியலை” என்றாள். அப்போது அது எனக்கு ஏதோ அண்ணியின் பேச்சு என்று பட்டது. கொஞ்சம் திருத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். இப்போது அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

சட்டைப்பையில் பட்டன் போன் அடித்தது. மணி மூன்று. தினமும் பதினொன்றுக்கு ஒரு முறை, மூன்றுக்கு ஒரு முறை வேதா பள்ளியிலிருந்து கூப்பிடுகிறாள், இந்தக் கோடையிலிருந்து. முப்பது வருடக் கல்யாணத்தில் முதல் இருபத்தொன்பதில் அவள் ஒரு தடவைகூட வேலை நேரத்தில் கூப்பிட்டதில்லை. “சாப்பிட்டீங்களா?” “ஆச்சு.” “என்ன சாப்பிட்டீங்க?” “நீதானே வெச்சிட்டுப் போன, என்னன்னு உனக்குத் தெரியாதா?” “எனக்குத் தெரியும், நீங்க சொல்லுங்க.” “வெண்டைக்காய் சாம்பார்.” “ம். கதவைச் சாத்தியிருக்கீங்களா? சாவி கழுத்துல இருக்கா?” இருக்கிறது, ஊதாக் கயிற்றில் கட்டிப் போட்டிருக்கிறாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அடையாள அட்டை மாட்டுவதுபோல. கேட்டுவிடலாம் என்று வாய் திறந்தேன். நேத்து நீ என் போனைத் தொட்டியா? இவ்வளவுதான் கேள்வி. ஆம் என்றால் முடிந்தது. இல்லை என்றால்? அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். “என்னங்க, என்னமோ சொல்ல வந்தீங்க?” “ஒண்ணுமில்ல.” வைத்துவிட்டாள். வைத்ததும் எழுந்து சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தேன். வெண்டைக்காய்தான். வெண்டைக்காயைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவன் இந்த ஊரில் இருக்க மாட்டான். சரி, நேற்று என்ன குழம்பு? நேற்று ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை ஏதாவது விசேஷமாகத்தான் செய்வாள். யாருக்குத்தான் நேற்றைய குழம்பு நினைவிருக்கும், பத்துப் பேரைக் கேட்டால் ஆறு பேர் முழிப்பார்கள். கோழியா? கோழி போன வாரம், அதற்கு முந்தைய வாரமா. நேற்று காலை பேப்பரில் என்ன வந்தது என்று சொல்ல முடிகிறது, நாலாம் பக்கத்தில் ஒரு பிழைகூட நினைவிருக்கிறது. காலை இருக்கிறது. சாயங்காலம் பால் வாங்கப் போனது இருக்கிறது. நடுவில் வெள்ளைத்தாள். காலையிலிருந்து வீட்டில் ஏதோ ஒரு வாடை வேறு, லேசாக, உப்பாக, சுரங்கத்திலிருந்து கிளம்பி வருகிறதோ என்னவோ, மூக்கில் வந்து வந்து நின்று தன் பெயரைச் சொல்லாமல் போகிறது.

திரும்ப வந்து உட்கார்ந்தேன். டம்ளர் நிற்கிறது. அதன் வயிற்றில் இப்போது வேஷ்டி கட்டிய ஓர் ஆள் வளைந்து உட்கார்ந்திருக்கிறார். அது நான், தெரியும், அதில் குழப்பம் எதுவும் இல்லை, கையைத் தூக்கிப் பார்த்தேன், அவரும் தூக்கினார். தூக்கிப் பார்க்க வேண்டியிருந்ததே என்று கையை இறக்கிக்கொண்டேன். செல்போன் திரையில் நூற்றைம்பத்தாறு. இரண்டு விரல். அகற்றுவதற்கு முன் இருக்கும் இந்த நேரம் இருக்கிறதே, இதில் எடுத்தது அவளாகவும் இருக்கிறது. பார்த்துவிட்டால் இராது. நான் ஒரு காரியம் செய்யலாம்: எட்டையும் அழித்துவிடலாம். அழித்தால் நூற்று நாற்பத்தெட்டிலிருந்து தொடரலாம், யாருக்கும் தெரியாது, எனக்குக்கூட நாளைக்கு. அழிக்கும் பொத்தான்மேல் விரலை வைத்தேன், அங்கேயும் வழுக்கியது. அது நானே செய்ததாக இருந்தால், இந்தப் படத்திலேயே நல்ல பகுதியை அழிக்கிறேன் என்றாகும். அவள் செய்ததாக இருந்தால், அவள் என்னோடு விளையாடிய ஒரே விளையாட்டை அழிக்கிறேன். எப்படிப் பார்த்தாலும் பாவம். வியாழக்கிழமை அவளுக்கு ஏதோ தலைவலிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டுமாம், துணைக்கு வரச் சொல்லியிருக்கிறாள். தலைவலி என்று அவள் சொன்னாளே தவிர ஒரு நாளும் தைலம் தேய்த்து நான் பார்த்ததில்லை. சுரங்கம் முனகுவதை நிறுத்தியது. இவ்வளவு நேரம் அது முனகிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. மாடிப்படியில் செருப்புச் சத்தம், இரண்டு படிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கும் சத்தம். மணி நாலரை. ஒன்றரை மணி நேரத்தில் ஒரு படம்கூட எடுக்கவில்லை.

“ஏங்க, ஃபேனைப் போட்டா உங்க கதாநாயகனுக்குச் சளி பிடிச்சிருமா?” என்று கேட்டுக்கொண்டே வேதா உள்ளே வந்தாள். பையை நாற்காலியில் போட்டாள். போர்வையின் ஒரு முனையை அவிழ்த்தாள், வெயில் மேஜைமேல் விழுந்தது. எப்போதும் கத்துவேன். இன்று கத்தவில்லை. அதைக் கவனித்துவிட்டாள் என்று அவள் முதுகிலேயே தெரிந்தது.

“வேதா, படத்துல எட்டு அதிகமா இருக்கு.” குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன், கடைக்காரனிடம் வெங்காயம் குறைகிறது என்பதுபோல. “வெயிட்டு திரும்பி வந்து டம்ளர்கிட்ட நிக்குது.”

அவள் செல்போனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். எட்டுப் படங்கள் ஓடுகிற நேரம், அவ்வளவுதான். நான் அதை எண்ணாமல் இருந்திருக்கலாம்.

“அட, கண்டுபிடிச்சிட்டீங்களா? நான்தான்” என்றாள்.

உடம்பிலிருந்து ஏதோ ஒன்று கழன்று நாற்காலிக்கு அடியில் விழுந்தது. சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டேனா, கேட்க நினைத்தேனா. ஃபேனைப் போட்டாள், நூல் ஆடட்டும், புளியங்கொட்டை பறக்கட்டும். அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, நான் கேட்காமலேயே சொல்லிக்கொண்டு போனாள். “நேத்து கருவாட்டுக் கொழம்பு சாப்ட்டுட்டு நீங்க கொறட்டை விட்டீங்கள்ல, அப்பதான். சும்மா வெளையாடிப் பாத்தேன். உங்க வெயிட்டு ஒரே பக்கமா போயிட்டே இருந்துச்சு, பாவம், ஒரு தடவ திரும்பிப் பாக்கட்டுமேன்னு. நோட்டுல எழுதலன்னு திட்டாதீங்க. ஆனா பவுடர் மட்டும் மறக்கல, டம்ளருக்கு நல்லா பூசிட்டுத்தான் எடுத்தேன், இல்லன்னா சண்டைக்கு வருவீங்களே.”

கருவாடு. காலையிலிருந்து மூக்கில் நின்றுகொண்டிருந்தது கருவாடு. பெயர் சொன்னதும் வீடு முழுக்க வந்துவிட்டது. வாடை வந்தது, குழம்பு வரவில்லை. தட்டு வரவில்லை, முள் வரவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில், வெயிலில், துளி பவுடர் இல்லாமல் டம்ளர் பளபளத்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. பொய் சொல்லத் தெரியாதவள், ஒரு விவரத்தைக் கூட்டிச் சொன்னால் உண்மைபோல இருக்கும் என்று கூட்டியிருக்கிறாள். எந்த விவரத்தைத் தொடக்கூடாதோ அதைத் தொட்டிருக்கிறாள். இரண்டு விரலுக்கு இனி வேலை இல்லை. அது கட்டம்தான், பூ இல்லை. மின்சார அடுப்பு, ஊதாக் கயிறு, பதினொன்று, மூன்று, வெண்டைக்காய், வியாழக்கிழமை. நான் நோட்டு எழுதிக்கொண்டிருந்ததைப்போல அவளும் ஒரு நோட்டு எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள், தாள் இல்லாமல், யாரிடமும் காட்டாமல், இந்தக் கோடையிலிருந்து. நான் இன்று மதியம் மட்டும் பயந்தேன். அவள் எத்தனை மாதமாகத் தனியாகப் பயந்துகொண்டு மாடிப்படி ஏறி வருகிறாள்?

“வா, அடுத்ததையும் நீயே எடு” என்று இயர்போன் வயரை அவள் கையில் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்? என்னிடம் கொஞ்சம் துஷ்டத்தனம் எப்போதும் உண்டு. பிழையைக் கண்டால் விட முடியாது. அவள் வயரை விரலில் உருட்டினாள். அந்தக் குச்சியில் மூன்று பொத்தான். நடுப்பொத்தானை அமுக்கினாள். எங்கோ பாதியிலிருந்து ஒரு நாதஸ்வரம் கிளம்பியது, நிரஞ்சனா அழிக்காமல் விட்ட ஏதோ ஒரு கல்யாணம். பதறி மறுபடி அமுக்கினாள், நின்றது.

“நேத்து எதை அமுக்கின?” என்றேன்.

குனிந்து பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வகுப்புக்கு நாற்பது பிள்ளை, இருபத்தாறு வருடம், ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயரும் அப்பா பெயரும் யாருக்கு எந்த வருடம் அம்மை போட்டது என்பதும் சொல்லக்கூடியவள்.

“மறந்துட்டேங்க” என்றாள்.

“பரவால்ல விடு” என்றேன். “எல்லாருக்கும் வர்றதுதான்.”

நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது, விழவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அதற்கு மேல் யாருக்கு என்ன தெரியும் என்று அடுக்கிக்கொண்டு போகவில்லை. பவுடர் டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுக்கப் போனேன், எடுக்கவில்லை. வெயிட்டை இருந்த இடத்திலேயே விட்டேன். அவளைப் பக்கத்தில் நிற்கவைத்து, அவள் கட்டைவிரலைப் பிடித்து மேல் பொத்தானில் வைத்து, என் விரலையும் அதன்மேல் வைத்து அமுக்கினேன். டம்ளரின் வயிற்றில் இரண்டு பேர், ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு, நகம் அளவுக்கு.

பிறகு நோட்டை இழுத்து எழுதினேன். ‘149 முதல் 156 வரை: நான்.’ அடுத்த வரி: ‘157: வெயிட் அசையவில்லை. டம்ளருக்குப் பவுடர் போடவில்லை, தெரிந்தே.’